ஒன்றரை ஷிப்ட் நின்ற பிறகு: திருப்பூர் வீட்டுக்கு ஒரு 13 வாரக் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியிடம் வாரச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட் கணக்காகத்தான் இருக்கும். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வெளியே வந்தால் ஒன்றரை. வாடகை வீடு பிடித்ததும் வண்டி எடுத்ததும் சீட்டுப் போட்டதும் அந்த ஒன்றரையை நம்பித்தான். ஆர்டர் குறையும்போது கம்பெனி ஆளை நிறுத்துவதற்கு முன்னால் நிறுத்துவது அந்த அரை ஷிப்டை. ஆள் வேலையில்தான் இருக்கிறார், சனிக்கிழமை கவரும் வருகிறது. அதனால் வருமானம் போய்விட்டது என்று வீட்டில் யாருக்கும் உறைப்பதில்லை. உறைக்கும்போது இரண்டு வாரக் கடன் ஏறியிருக்கும்.

2011இல் சாயப்பட்டறைகள் மூடியது, 2016இல் நோட்டு செல்லாமல் போனது, 2020இல் ஊரடங்கு, அடுத்த இரண்டு வருடம் நூல் விலை ஏற்றம், 2025 ஆகஸ்ட் 27இல் வந்த அமெரிக்காவின் 50 சதவீத வரி என்று இந்த ஊருக்கு ஆர்டர் நிற்பது புதிதல்ல. அடுத்தது எது, எப்போது என்பதை ஊகிப்பதில் பயனில்லை. இப்போது கையில் என்ன இருக்கிறது என்பதைத் தப்பில்லாமல் எழுதலாம். கீழே இருப்பது அதற்கான முறை. எண்கள் ஒரு மாதிரி வீட்டுக்குப் போட்டவை: கணவர் ஓவர்லாக் டெய்லர், பிடித்தம் போக ஷிப்டுக்கு 560 ரூபாய், மனைவி செக்கிங், 380, இரண்டு பிள்ளைகள். உங்கள் வீட்டு எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தாள், வரவு. ஒன்றரை ஷிப்ட் ஓடிய காலத்தில் இந்த வீட்டுக்கு வாரம் 9 ஷிப்ட், இருவருக்கும் சேர்த்து 8,460 ரூபாய். அந்த எண்ணை எழுதி அதன்மேல் ஒரு கோடு போடுங்கள். அது இனி வரவு அல்ல. கடந்த 8 சனிக்கிழமைகளில் உண்மையில் வந்ததை எழுதுங்கள். கவர் இல்லாவிட்டால் வங்கிச் செய்தி இருக்கும், ஜி.பே. இருக்கும். இந்த வீட்டுக்கு வந்தவை 5,640, 4,700, 3,760, 5,170, 4,700, 6,110, 4,230, 5,170. சராசரி 4,935. ஆனால் சராசரியை எடுக்காதீர்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி மூன்றாவது எண்ணை எடுங்கள்: 3,760, 4,230, 4,700. அந்த 4,700தான் வீட்டின் வாரச் சம்பளம்.

ஏன் சராசரி கூடாது? மோசமான வாரம் முதலில் வந்தால் சராசரி அதைத் தாங்காது. 3,760 வந்த வாரத்தில் 4,935க்குச் செலவு திட்டமிட்டிருந்தால் 1,175 ரூபாய் அந்தச் சனிக்கிழமையே வேண்டும், அதைக் கொடுக்க ஆள் தெருமுனையில் தயாராக நிற்பார். 4,700 என்று வைத்தால் 8 வாரத்தில் 2 வாரம் மட்டும் குறைகிறது, மொத்தக் குறைவு 1,410. மீதி நல்ல வாரங்களில் 4,700க்கு மேல் வந்தது 3,290. மேலே வந்ததைத் தனி டப்பாவில் போட்டிருந்தால் குறைந்த வாரங்களை நிரப்பிய பிறகும் 1,880 மிஞ்சியிருக்கும். ஆகவே விதி ஒன்றுதான்: 4,700க்கு மேல் வருகிற காசு வீட்டுச் செலவுக்குள் நுழையக் கூடாது.

தீபாவளி போனஸை இந்தத் தாளில் எழுதவே எழுதாதீர்கள். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் என்றாலும், அது வாங்கிய சம்பளத்தின்மேல் போடும் கணக்கு. வேலை நாள் குறைந்த வருடத்தில் போனஸும் தானாகக் குறையும். போன வருடத் தொகையை நம்பி ஆடியிலேயே கடன் வாங்குவது இந்த ஊரின் பழைய வியாதி. மகளிர் உரிமைத் தொகை வரும் வீடாக இருந்தால் அதையும் சம்பளத்தோடு கலக்காமல் வேறு கணக்கில் விடுங்கள். மாதத்தில் ஒரே தேதியில் தவறாமல் வருகிற பணம் வீட்டில் அது ஒன்றாகத்தான் இருக்கும். மாதத் தவணை ஒன்றை அதோடு கட்டிவிடலாம்.

இரண்டாம் தாள், செலவு. இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை மாதத்தை 4 வாரம் என்று வைப்பது. வருடத்துக்கு 52 வாரம், 12 மாதம். மாத வாடகை 5,500 என்றால் 4ஆல் வகுக்காதீர்கள். 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் 1,269, அதாவது வாரம் 1,270 எடுத்து வைக்க வேண்டும். கையில் வருவதும் அப்படித்தான்: வாரம் 4,700 என்பது மாதம் 18,800 அல்ல, 20,367. நான்கு வாரக் கணக்கில் வாழ்கிறவர்களுக்கு வருடத்தில் நான்கு மாதம் ஐந்தாவது சனிக்கிழமை வந்து ஒரு பொய் மிச்சத்தைக் காட்டும். அந்தக் காசு துணிக்கடைக்குப் போய்விடும், அடுத்த மாதம் பள்ளி வேன் வாசலில் வந்து நிற்கும்.

இந்த வீட்டின் வாரச் செலவு:

வாடகை 1,270
கரண்ட், கேஸ், போன் 395
மளிகை, காய், பால் 1,600
பெட்ரோல் 200
பள்ளி 350
மருந்து 100

மொத்தம் 3,915. போன் ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒரு முறை வருவதால் வருடத்துக்கு 13 தடவை என்பதை மறக்காதீர்கள். கரண்டில் பார்க்க வேண்டிய எண் 500. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு இருந்த குறைந்த விலை போய்விடும். ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த நூறு யூனிட்டுக்கும் அடி விழும். ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரை ஒருமுறை பார்த்தால் போதும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. ஒன்றரை ஷிப்ட் காலத்தில் வரிசையில் நிற்க நேரமில்லாமல் விட்டிருப்பீர்கள். இப்போது நேரம் இருக்கிறது.

இந்தத் தாளில் எழுதாமல் விடுகிற வரிகள் மூன்று. டாஸ்மாக், போனில் விளையாடும் பணம், மொய். முதல் இரண்டைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கப் போவதில்லை. தொகையை மட்டும் எழுதுங்கள், வாரம் 300 என்றால் 300. எழுதாத செலவை யாராலும் குறைக்க முடியாது. மொய் வேறு வகை. அது செலவு மாதிரி தெரிந்தாலும் கடன். வீட்டுக் கல்யாண, காதுகுத்து மொய் நோட்டை எடுத்து, அடுத்த மூன்று மாதத்தில் யார் வீட்டில் விசேஷம், அவர்கள் நமக்கு எழுதியது எவ்வளவு என்று குறித்து வையுங்கள். 1,000 எழுதியவருக்கு 1,000 திருப்பித்தான் ஆக வேண்டும். கூட 500 வைத்து எழுதுவது நல்ல காலத்துப் பழக்கம், அதை நிறுத்தலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

4,700இல் 3,915 போனால் 785. கடனுக்கு இந்த வீட்டால் வாரம் தர முடிந்தது அவ்வளவுதான்.

மூன்றாம் தாள் கடன். மற்ற இரண்டையும் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம், இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் உட்காராமல் இதை எழுதிப் பயனில்லை. மனைவி எடுத்த இரண்டாவது குழுக் கடன் கணவருக்குத் தெரியாது, கணவர் கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ் மனைவிக்குத் தெரியாது. பாதி வீடுகளில் நிலைமை இதுதான். அன்று சண்டை வரும், வரட்டும். ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: அன்று தொகையை மட்டும் எழுதுவது, ஏன் வாங்கினாய் என்று கேட்பதில்லை. மறந்துபோன கடன் இருக்கிறதா என்று பார்க்க வழியுண்டு: யார் பேரில் என்ன கடன் என்று பதிவு வைத்திருக்கும் சிபில், கிரிஃப் ஹைமார்க் போன்ற நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பக்கத்து வீட்டுக்கு ஜாமீன் போட்டது, பேரைக் கொடுத்து எடுத்துத் தந்தது எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து விவரம்: யாருக்கு, வாரம் எவ்வளவு, எத்தனை தவணை பாக்கி, வட்டி என்ன, கட்டாவிட்டால் முதலில் என்ன நடக்கும். இந்த வீட்டில்:

வாரக் கடன்: 10,000 என்று எழுதி 8,500 கையில் தந்தது, வாரம் 1,000, 6 வாரம் பாக்கி.
வண்டித் தவணை: மாதம் 2,900, வாரத்துக்கு 669, 14 மாதம் பாக்கி.
சீட்டு: 50,000 ரூபாய், 20 மாதம், மாதம் 2,500, வாரத்துக்கு 577. 10 மாதம் கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை.
குழுக் கடன்: 40,000, மாதம் 2,115, வாரத்துக்கு 488, 14 மாதம் பாக்கி.
நகைக் கடன்: 1,20,000, மாதம் 1 சதவீதம், வாரத்துக்கு 277.

கூட்டினால் 3,011. பழைய 8,460 வருமானத்தில் இது 36 சதவீதம், மூச்சு முட்டாது. இன்றைய 4,700இல் 64 சதவீதம். கடன் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, தாங்கிய தூண்தான் சுருங்கிவிட்டது. இந்த வீடு வாரம் 2,226 ரூபாய் குறைவில் ஓடுகிறது. அந்த எண்ணைத் தாளின் அடியில் பெரிதாக எழுதுங்கள். 'கொஞ்சம் இறுக்கமா இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதுதான் தொகை.

இனி எதை முதலில் தொடுவது? 'வட்டி அதிகமானதை முதலில் அடை' என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கணக்கில் அது அப்படியே பொருந்தாது. வாரக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 8,500 வாங்கி 10 வாரத்தில் 10,000 கட்டுவது ஆண்டுக் கணக்கில் 160 சதவீதத்தை ஒட்டி வரும். ஆனால் அந்த 1,500 வட்டி கொடுக்கும்போதே பிடித்தாயிற்று. மீதி 6,000ஐ இன்றே கட்டினாலும், கடன் கொடுத்தவர் மனமிரங்கித் தள்ளிக்கொடுத்தால் ஒழிய, ஒரு ரூபாய் மிச்சமில்லை. ஆறு வாரத்தில் அது தானாக முடியும். கெடுதல் அதில் இல்லை, ஏழாவது வாரத்தில் இருக்கிறது. மூன்று வாரம் பாக்கி இருக்கும்போதே அவரே வந்து, 'பழசைக் கழிச்சுட்டுப் புதுசா எடுத்துக்கங்க' என்பார். புதுக் கடன் 8,500இல் பழைய பாக்கி 3,000 போக 5,500 கைக்கு வரும். அந்த 3,000க்கு ஏற்கெனவே வட்டி கொடுத்தாயிற்று, இப்போது இரண்டாம் முறையும் கொடுக்கிறீர்கள். எனவே இலக்கு 'வாரக் கடனை அடைப்பது' அல்ல. ஆறு வாரத்தைப் புதுக் கடன் எடுக்காமல் கடப்பது.

கடப்பதற்குக் காசு? வண்டி. இதில்தான் ஆண்கள் பின்வாங்குவார்கள். விற்றால் 48,000 போகும், கடனை மூட 36,500 வேண்டும் என்று வைத்தால் 11,500 கையில் நிற்கும், வாரம் 669 தவணையும் போகும். பெட்ரோல் 200 போய் பஸ்ஸுக்கு 120 வரும். மனைவிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் விற்பனை ஒரே நாளில் நடக்காது. கடனை மூடிய பிறகு நிதி நிறுவனத்திடம் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் வாங்கி ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்க வேண்டும், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பெயர் மாறாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால் அடுத்த விபத்தும் அபராதமும் உங்கள் பேருக்கு வரும். இரண்டு வாரமாவது ஆகும்.

அந்த இரண்டு வாரக் குறைவு 4,452. அதற்கு நகைக் கடனில் 5,000 கூட்டி வாங்கலாம், மாதம் 50 ரூபாய் வட்டி. கடன்மேல் கடனா என்று கேட்கலாம். 160க்குப் போவதைத் தடுக்க 12க்கு வாங்குவது தப்பில்லை. தேதியும் தொகையும் எழுதி வாங்கினால்தான் அது சரி. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளில் 2.5 லட்சம் வரையான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று இருக்கிறது. முழுக்க உறிஞ்சிவிடாதீர்கள். தங்கம் கொஞ்சம் இறங்கினாலே கூடுதல் பணம் கட்டச் சொல்லி போன் வரும். அசலும் வட்டியும் கடைசியில் ஒன்றாகக் கட்டும் கடன் என்றால் 12 மாதம்தான் உச்சம். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஏலம் வரை போனால், கடன் போக மிஞ்சிய தொகை உங்களுடையது, 7 வேலை நாளில் தர வேண்டும். கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை குறைவு வாரத்துக்கு 1,477. நான்கு வாரத்துக்கு 5,908. வண்டிக் காசில் 5,592 மிச்சம். ஏழாம் வாரம் வாரக் கடன் இல்லை, குறைவு 477க்கு இறங்கும். ஒன்பதாம் வாரம் முடியும்போது வண்டிக் காசில் இன்னும் 4,161 இருக்கும். புதிய வாரக் கடன் இல்லாமல் இரண்டு மாதம் கடந்தாயிற்று.

அதற்குள் சீட்டை எடுக்க வேண்டும். 10,000 தள்ளி எடுத்தால் 40,000 வரும். குழுக் கடன் வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால், இன்றைய 14 தவணை பாக்கியில் அசல் சுமார் 25,600, சீட்டு எடுக்கும் நாளில் இன்னும் குறைந்திருக்கும். அதை முழுக்க மூடலாம். இந்த வகைக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. மீதி 14,400 நகைக் கடனுக்குப் போகட்டும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இதில் வட்டி லாபம் கிடையாது. கடைசி மாதம் வரை பொறுத்திருந்தால் 5 சதவீதக் கமிஷன் போக 47,500 வரும். ஒன்பது மாதம் முன்னால் எடுக்க 7,500 விட்டுக்கொடுப்பது ஆண்டுக்கு 25 சதவீதம், குழுக் கடன் வட்டிக்குச் சமம். அப்படியும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், வாரம் 488 சுமை இறங்குகிறது, குழுவில் மற்றப் பெண்கள் நம் தவணையைச் சுமக்க வேண்டிய நிலை வராது. அந்தப் பெண்களோடுதான் நாளைக்கும் தண்ணீர்க் குழாயில் நிற்க வேண்டும்.

சீட்டில் சறுக்கும் இடம் ஜாமீன். ஏலம் எடுத்த அன்று பணம் வராது. பதிவு பெற்ற சீட்டு நிறுவனம் சம்பளச் சான்றோடு ஜாமீன்தாரர்களைக் கேட்கும், எல்லோருக்கும் வேலை ஆடுகிற காலத்தில் அது கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஏலத்துக்கு முன்பே ஜாமீனுக்கு ஆள் பேசி வையுங்கள். தெருவில் தெரிந்தவர் நடத்தும் பதிவில்லாத சீட்டு என்றால் கணக்கே வேறு: தள்ளுபடி எவ்வளவு என்று பார்க்காமல் முடிந்த சீக்கிரம் எடுத்துவிடுவதே என் யோசனை. கஷ்ட காலத்தில் முதலில் ஆட்டம் காண்பது அந்தச் சீட்டுகள்தான். எடுத்த பிறகும் மீதித் தவணையைக் கட்டத்தான் வேண்டும், அதைச் சொல்லத் தேவையில்லை.

பத்தாம் வாரம் கணக்கைப் பாருங்கள். கடனுக்கு இருப்பது 785உம் பெட்ரோலில் மிஞ்சிய 80உம் சேர்ந்து 865. போக வேண்டியது சீட்டு 577, நகை வட்டி 255, மொத்தம் 832. வாரம் 33 ரூபாய் மிச்சம். சிரிப்பாகத் தெரியும். ஆனால் 2,226 குறைவிலிருந்து 33 மிச்சத்துக்கு வந்தது சம்பளம் ஒரு ரூபாய்கூட உயராமல்.

குழுக் கடனை அடைப்பதற்கு முன் தவணை தவறினால், வசூலுக்கு வருகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடவோ வரவோ கூடாது. கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. புகார் கொடுப்பதற்கு முன்னால் கொடுத்த ஒவ்வொரு வாரத்தையும் தேதியோடு எழுதிவைத்த நோட்டு வேண்டும். கையில் கொடுப்பதை நிறுத்தி ஜி.பே.யில் அனுப்பினால் அந்த நோட்டு தானாக எழுதிக்கொள்ளும்.

இனி கைத்தொழில். 'இருபது வருஷ டெய்லர், எனக்கென்ன' என்பது அளவு அல்ல. ஒரு மணி நேரம் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். சைடு அடிப்பதற்கு ஒரு பீஸுக்கு அரை நிமிடம் என்று கம்பெனி எஸ்.ஏ.எம். (ஒரு வேலைக்கு ஒதுக்கும் நிமிடக் கணக்கு) வைத்திருந்தால் 60 நிமிடத்துக்கு 120 பீஸ் நூறு சதவீதம். நீங்கள் அடித்தது 66 என்றால் 55 சதவீதம். அதில் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தவை எத்தனை என்பதையும் கழியுங்கள். மூன்று நாள், காலை ஒரு மணி, மதியம் ஒரு மணி. மதியம் கடுமையாக இறங்குகிறதென்றால் கண்ணாடிப் பவரையோ முதுகையோ பார்க்க வேண்டும். இந்த எண்ணைச் சூப்பர்வைசர் ஏற்கெனவே வைத்திருக்கிறார். ஆள் குறைக்கும்போது அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பார். நீங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அதைவிட முக்கியம் எத்தனை மெஷின் தெரியும் என்பது. ஓவர்லாக் மட்டும் தெரிந்தவர், லைனில் அந்த வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேட்லாக் (ஃப்ளாட்லாக்) மெஷினும் தெரிந்தால் அதே நாளில் கை ஓரமும் அடிப்பக்கமும் அடிக்க உட்காரலாம். ஆர்டர் குறைந்த காலத்தில் மெஷின் சும்மா கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம், வேஸ்ட் துணியில் தினம் 20 கை ஓரம். முதலில் கெடுவது வேகம் அல்ல, மடிப்பின் அகலம். ஒரே அகலம் வரும்வரை எண்ணிக்கை பார்க்காதீர்கள். செக்கிங்கில் இருக்கும் மனைவிக்குப் பக்கத்தில் இருக்கிற படி அளவு பார்த்து எழுதும் வேலை. டேப் பிடித்து அளவுத் தாளில் எழுதப் பழகினால் கூலி ஒரு படி மேல்.

ஏற்றுமதி நின்றால் எல்லாம் நின்றது என்று நினைக்காமல், உள்நாட்டு வேலை எடுக்கும் யூனிட்டுகளின் பட்டியல் ஒன்று எழுதுங்கள். காதர்பேட்டை மொத்த விற்பனைச் சந்தைக்குச் சரக்குத் தைக்கும் பவர் டேபிள்கள் (கூலிக்குத் தைத்துத் தரும் யூனிட்டுகள்), உள்ளாடைக் கம்பெனிகள் என்று 10 பெயர். வாரம் 2 இடம் நேரில். பீஸ் ரேட் சொன்னால், உங்கள் ஒரு மணி எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். 66 பீஸ் அடிக்கிற கைக்கு ரேட் ஒரு ரூபாய் என்றால் 8 மணிக்கு 528. இப்போதைய 560க்குக் கீழே.

ரொக்கக் கூலிக்கு மாறும்போது இன்னொன்றும் போகிறது: இ.எஸ்.ஐ. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கணக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு அரையாண்டில் 78 நாளுக்குச் சந்தா விழுந்திருந்தால்தான் அதற்குரிய பயன்காலத்தில் நோய் விடுப்புக்கு 70 சதவீதக் கூலி கிடைக்கும், வருடத்துக்கு 91 நாள் வரை. 26 வாரத்துக்கு வாரம் 3 நாள் என்றால் சரியாக 78. ஆகவே கம்பெனியில் வாரம் 3 நாள் வேலை இருந்தாலும் அதை விடாமல், மற்ற நாளுக்கு வெளியே போவது, முழுக்க விட்டுவிட்டு 50 ரூபாய் கூடத் தரும் இடத்துக்குப் போவதைவிட நல்லது. பி.எஃப்.பை உருவுவது கடைசியிலும் கடைசி. 10 வருடச் சேவை நிறைந்தால்தான் பென்ஷன். 8 வருடத்தில் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அந்த எட்டும் அழிந்துவிடும். வேறு கம்பெனிக்குப் போனால் அதே யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணைக் கொடுங்கள், புதிது போட விடாதீர்கள்.

மூன்று தாளும் ஆனபின் நான்காவதாக ஒரு அரைத் தாள். மூன்றே வரி, 13 சனிக்கிழமை. 'கடனைக் குறைக்கணும்', 'சிக்கனமா இருக்கணும்' மாதிரி வரிகளுக்கு அதில் இடமில்லை. இந்த வீட்டின் வரிகள் இப்படி: இரண்டாவது சனிக்கிழமைக்குள் வண்டி விற்பது, கணவர் பொறுப்பு. ஒன்பதாவது சனிக்கிழமைக்குள் சீட்டு எடுத்துக் குழுக் கடன் மூடிய சான்று கையில், மனைவி பொறுப்பு. பதின்மூன்றாவதுக்குள் பேட்லாக்கில் மணிக்கு 50 பீஸ். சம்பளம் உயரும், ஆர்டர் வரும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை, அவற்றை இலக்காக எழுத வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் கீழே 'இல்லாவிட்டால்' என்று இன்னொரு வரி. வண்டி 48,000க்குப் போகாவிட்டால் மூன்றாவது சனிக்கிழமை 45,000க்கு விடுவது. ஒன்பதில் சீட்டு விழாவிட்டால் அடுத்த ஏலத்தில் எவ்வளவு வரை தள்ளலாம் என்ற எண். மனசு தெளிவாக இருக்கும்போது எழுதிவைத்தால், பணமுடையில் அவசரமாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை சம்பளம் வந்த இரவு, கவரைப் பிரிப்பதற்கு முன் இருபது நிமிடம். 4,700 எண்ணித் தனியே, மேலே வந்தது டப்பாவில். அந்த வாரம் கட்ட வேண்டியது கவர் கவராக. இரண்டு வாரம் தொடர்ந்து 4,000க்குக் கீழே வந்தால் அந்தச் சனிக்கிழமையே அடிப்படை எண்ணை மறுபடி கணக்கிட வேண்டும்: கடைசி 8 வாரத்தை அடுக்கி மூன்றாவது. அது 3,760 என்று வந்தால் மளிகையில் 50, 100 குறைத்துப் பார்ப்பது வீண். பெரிதாகக் குறைக்க முடிகிற செலவு வாடகைதான். 1,500 குறைவான வீடு ஊத்துக்குளி ரோட்டுப் பக்கமோ பல்லடம் பக்கமோ கிடைக்குமா, அட்வான்ஸ் திரும்ப எத்தனை நாள் ஆகும், பிள்ளைகளுக்குப் பள்ளி எவ்வளவு தூரம் என்று அந்த வாரமே விசாரிக்க ஆரம்பியுங்கள். பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வருவதற்குள் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கேட்பார்கள். டப்பாவில் சேர்ந்த காசுக்கு முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.